பாதிப்பு வேறு, சடுதி மாற்றம் வேறு

கூடங்குளம் பக்கம் கதிர்வீச்சு, முக்கூடல் பக்கம் பீடித்தூள், அம்பாசமுத்திரம் வயல்களில் உச்சிவெயில். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: இது ஜீனைக் கெடுக்குமா? கெடுக்கும்தான். மூன்றும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடியவை. ஆனால் இது எதுவுமே படாமல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளின் உடம்பிலும், ஒவ்வொரு செல்லிலும், தினமும் 10,000-க்கு மேல் சேதங்கள் நடக்கின்றன. ஆகவே 'சேதம் ஆகுமா' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. என்ன வகைச் சேதம், அதை எந்தப் புரதம் கண்டுபிடிக்கும், சரிசெய்ய எவ்வளவு நேரம் எடுக்கும், செல் பிரிவதற்குள் வேலை முடியுமா என்று கேட்டால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் அன்றாடச் சேதத்தின் கணக்கு. நம் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 600 கோடி கார இணைகள் இருக்கின்றன (அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்கள்தான் டிஎன்ஏவின் எழுத்துகள்; எதிரெதிர் இரண்டு இழைகளில் ஜோடியாக நிற்கும்). 37 டிகிரி வெப்பத்தில், தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மூலக்கூறு அது. அந்தத் தண்ணீரே அதை அரிக்கிறது. அடினைன், குவானைன் இரண்டும் சர்க்கரையிலிருந்து கழன்று விழுகின்றன. ஒரு செல்லில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 இடங்களில். சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறுகிறது. இது நாளொன்றுக்கு 100 முதல் 500 வரை. மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சுக்காற்றின் ஆக்சிஜன் எரியும்போது தப்பி வரும் ஆக்சிஜன் உபபொருட்கள் குவானைனை 8-ஆக்ஸோகுவானைன் ஆக்குகின்றன. டிஎன்ஏ அசையாத, உறுதியான மூலக்கூறு என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். தாமஸ் லிண்டால் 1970-களில் இந்த வேகங்களை அளந்து காட்டிய பிறகுதான், இப்படிக் கரைகிற ஒன்று எப்படி ஆயுள் முழுக்கத் தாங்குகிறது என்ற கேள்வி எழுந்தது. 2015-ல் வேதியியல் நோபல் லிண்டாலுக்கும் பால் மோட்ரிச்சுக்கும் அஸீஸ் சன்ஜாருக்கும் கிடைத்தது, மூன்று வெவ்வேறு பழுதுநீக்கும் பாதைகளைத் துலக்கியதற்காக.

தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். பாதிப்பு, அதாவது சேதம், என்பது பெரும்பாலும் ஓர் இழையில் நடந்த ரசாயன மாற்றம். எதிர் இழையில் சரியான எழுத்து இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத் திருத்திவிடலாம். அதற்குள் செல் பிரியத் தொடங்கி, டிஎன்ஏ நகலெடுக்கும் இயந்திரம் அந்தத் தப்பான எழுத்தைப் படித்து எதிரில் தப்பான துணையை வைத்துவிட்டால், அடுத்த நகலெடுப்பில் இரண்டு இழைகளுமே 'ஒழுங்காக'ப் பொருந்திவிடும். அதுதான் சடுதி மாற்றம். அதற்குப் பிறகு எந்தப் புரதத்துக்கும் அங்கே ஒரு தப்பு நடந்தது என்றே தெரியாது. கன்னடியன் கால்வாயில் உடைப்பு எடுத்திருந்தால், ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். திறந்த பிறகு மண்வெட்டியோடு ஓடிப் பலனில்லை. செல்லுக்கு அந்தத் தண்ணீர் திறப்பு, நகலெடுப்பு. பி53 என்ற புரதத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, பி21 என்ற இன்னொரு புரதத்தின் மூலமாக அந்தத் திறப்பைத் தள்ளிப்போடுவது. புற்றுநோய்க் கட்டிகளில் மிக அதிகமாகக் கெட்டுப்போயிருக்கிற மரபணு அதுதான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஒரே ஒரு யுராசிலை எடுத்துக்கொண்டு, அதை எப்படி நீக்குகிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

யூஎன்ஜி என்ற நொதி டிஎன்ஏவின் மேல் வழுக்கிக்கொண்டும் தாவிக்கொண்டும் போகும். போகிற வழியில் இழையைச் சற்று அழுத்தி மடக்கிப் பார்க்கும். யுராசில் இருக்கிற இடத்தில் அந்தக் காரம் டிஎன்ஏவின் இரட்டைச் சுருளுக்குள்ளிருந்து வெளியே புரண்டு, நொதியின் குழிக்குள் விழும். அது திரும்ப உள்ளே போகாதபடி, நொதியின் 272-ஆம் அமினோ அமிலமான லியூசின் காலியான இடத்துக்குள் நுழைந்துகொள்ளும். குழியின் வடிவத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. யுராசிலுக்கும் தைமினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மீத்தைல் தொகுதி. 147-ஆம் இடத்து டைரோசின் அந்த மீத்தைலுக்கு இடம் கொடுக்காமல் மறித்து நிற்கிறது. சோதனைக்கூடத்தில் இந்த டைரோசினை எடுத்துவிட்டுச் சின்ன அலனைனை வைத்தபோது, நொதி நல்ல தைமினையும் வெட்டத் தொடங்கியது. 204-ஆம் இடத்து அஸ்பராஜினை மாற்றினால் சைட்டோசினையே வெட்டும். ஓர் அமினோ அமிலம் தவறினால் காவல்காரனே கொள்ளைக்காரன்.

யுராசில் வெட்டப்பட்டதும் எழுத்தில்லாத வெற்றிடம் மிஞ்சுகிறது. அடுத்து ஏப்1 என்ற நொதி அந்த வெற்றிடத்துக்கு 5 பிரைம் பக்கத்தில் (இழையின் ஒரு முனைக்கு 5 பிரைம், மறுமுனைக்கு 3 பிரைம் என்று பெயர்) இழையின் முதுகெலும்பை அறுக்கும். டிஎன்ஏ பாலிமரேஸ் பீட்டா என்ற, இழையை எழுதும் நொதி சரியான ஒரு நியூக்ளியோடைடை (ஓர் எழுத்தை) சேர்த்து, தொங்கிக்கொண்டிருக்கிற சர்க்கரைத் துண்டையும் கழற்றிவிடும். எக்ஸ்ஆர்சிசி1 என்ற புரதம் பிடித்துக்கொள்ள, லைகேஸ் 3 என்ற நொதி ஒட்டி முடிக்கும். இதற்குக் கார வெட்டுப் பழுதுநீக்கம் என்று பெயர்.

இங்கே எது கோளாறாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். யுராசிலைவிட மோசமானது வெற்றிடம்; வெற்றிடத்தைவிட மோசமானது அறுந்த இழை. அதாவது பழுதுபார்க்கிற வேலை ஒவ்வொரு படியிலும் நிலைமையை முதலில் மோசமாக்கித்தான் பிறகு சரியாக்குகிறது. அதனால் ஒரு நொதி தன் வேலையை முடித்தும் உடனே விலகாமல், அடுத்த நொதி வரும்வரை அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு நிற்கும். முதல் நொதியை மட்டும் செல்லுக்குள் அளவுக்கு மீறிப் பெருக்கினால் பாதுகாப்பு கூடுவதற்குப் பதிலாகப் பாதியில் நிற்கிற வெட்டுகள்தான் கூடும். 'டிஎன்ஏ பழுதுநீக்கத்தைத் தூண்டும்' என்று டப்பாவில் அச்சடித்து விற்கிற மாத்திரைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இது ஒன்றே போதும். எந்தப் படியை, எவ்வளவு தூண்டும் என்று டப்பாவில் இருக்காது.

8-ஆக்ஸோகுவானைன் அடினைனோடு ஜோடி சேரக்கூடியது என்பதால் அதற்கு மூன்று அடுக்குக் காவல் உண்டு. எம்டிஎச்1 என்ற நொதி கெட்ட கட்டுமானத் துண்டுகளை டிஎன்ஏவில் சேரும் முன்பே அழிக்கும். ஓஜிஜி1 சேர்ந்துவிட்டதை வெட்டும். நகலெடுப்பு முந்திக்கொண்டு எதிரில் அடினைனை வைத்துவிட்டால், மியூட்ஒய்எச் அந்த அடினைனை நீக்கி இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும். இந்தக் கடைசி மரபணு அப்பா, அம்மா இரண்டு வழியிலும் கெட்டு வந்தவர்களுக்குப் பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் (சின்னச் சதை வளர்ச்சிகள்) முளைக்கும்.

வெயிலுக்கு வருவோம். நம் அட்சரேகையில் கோடை உச்சிவேளையில் யூவி (புற ஊதா) குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யூவி-பி கதிர், அடுத்தடுத்து நிற்கிற இரண்டு தைமின்களையோ சைட்டோசின்களையோ ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைப்பில் இரண்டு வகை. 6-4 வகை சுருளை நன்றாக வளைத்துவிடுவதால் சட்டென்று கண்ணில் படும். சில மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். சைக்ளோபியூட்டேன் வகையோ சுருளை அவ்வளவாக வளைக்காது. அதைக் கண்டுபிடிக்க டிடிபி2 என்ற தனிப் புரதம் முதலில் போய் அடையாளம் காட்ட வேண்டும். முழுக்க நீங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எண்ணிக்கையிலும் இதுதான் அதிகம். அதனால் தோல் புற்றுநோய்க்கு இதைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்கிறார்கள். கறுத்த தோலின் மெலனின் இந்தச் சேதத்தைக் குறைக்கும். ஆனால் முழுக்க நிறுத்தாது. போதாக்குறைக்கு, வெயிலைவிட்டு நிழலுக்கு வந்த பிறகும் சில மணி நேரம் மெலனின் சம்பந்தப்பட்ட வேதிவினைகளால் புதிய பிணைப்புகள் உண்டாகிக்கொண்டே இருக்கும் என்று 2015-ல் தெரியவந்தது.

களை எடுக்கிற பெண்ணின் காலடியில் நிற்கும் நெல்லுக்கு ஃபோட்டோலயேஸ் என்ற நொதி உண்டு. நீல ஒளியை வாங்கி அந்தப் பிணைப்பை நேரடியாக முறித்துவிடும். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். பாக்டீரியாவுக்கும் மீனுக்கும் தவளைக்கும்கூட உண்டு. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகள் பரிணாமத்தில் எங்கேயோ அதைத் தொலைத்துவிட்டன. அந்தப் பெண்ணுக்கு உள்ளது நீளமான வழி ஒன்றுதான்: எக்ஸ்பிசி என்ற புரதம் வளைவைப் பிடிக்கும். டிஎஃப்ஐஐஎச் என்ற பெரிய கூட்டு வந்து, அதிலுள்ள எக்ஸ்பிபி, எக்ஸ்பிடி இரண்டும் இழைகளைப் பிரித்து, சேதம் உண்மைதானா என்று சரிபார்க்கும். எக்ஸ்பிஏவும் ஆர்பிஏவும் திறந்த இடத்தைத் தாங்கும். எக்ஸ்பிஎஃப்-இஆர்சிசி1 ஜோடி 5 பிரைம் பக்கமும், எக்ஸ்பிஜி 3 பிரைம் பக்கமும் வெட்டும். இரண்டு கெட்ட எழுத்துக்காக 24 முதல் 32 எழுத்துகள் கொண்ட துண்டே வெளியே போகும். காலியிடத்தைப் பாலிமரேஸ் நிரப்ப, லைகேஸ் ஒட்டும்.

இந்தப் பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிற 'எக்ஸ்பி', ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்ற நோயிலிருந்து வந்தது. இந்தப் பாதையின் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைகளுக்கு 2 வயதுக்குள் முகத்திலும் கையிலும் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழும். தோல் காய்ந்து சுருங்கும். பலருக்கு 10 வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். கண்ணும் பாதிக்கப்படும். இது பழுதுநீக்கக் குறைபாடு என்று 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார்.

இது ஒடுங்கு மரபு நோய். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வரும். தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கொடுப்பதும், அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கட்டுவதும் வழக்கமாக இருக்கிற நம் ஊரில் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெட்ட பிரதி 500-க்கு 1 என்ற அளவில் சமூகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்நியத்தில் கலியாணம் என்றால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 500-ஐ 500-ஆல் பெருக்கி, 2,50,000-ல் 1. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பிள்ளையின் உட்கலப்புக் கெழு (ஒரே முன்னோரின் ஒரே பிரதி அப்பா, அம்மா இரண்டு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு) 1/16; வாய்ப்பு சுமார் 7,800-ல் 1. தாய்மாமன், அக்கா மகள் என்றால் கெழு 1/8. வாய்ப்பு சுமார் 3,900-ல் 1. முப்பது மடங்கு, அறுபது மடங்கு உயர்வு. அப்படியும் தனித்தனிக் குடும்பத்துக்கு இது சின்ன எண்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இது ஒரு நோய்க்கான கணக்கு. ஒடுங்கு மரபு நோய்கள் ஏராளம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சுற்றி வந்த குடும்பத்தில் கெழு இன்னும் கூடும்.

எக்ஸ்பி உள்ள பிள்ளை வீட்டில் செய்யவேண்டியவை: ஜன்னலுக்கு யூவி தடுக்கும் ஃபிலிம் ஒட்ட வேண்டும், ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி யூவி-பியைத் தடுத்தாலும் யூவி-ஏயை விட்டுவிடும். பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போடலாம். நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணி, கண்ணுக்குப் பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும். அதை டாக்டரிடம் கேட்டு மாத்திரையாகக் கொடுக்க வேண்டும். புதிதாக எந்தக் கட்டி தெரிந்தாலும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஃபோட்டோலயேஸ் கலந்த கிரீம்கள் சந்தையில் இருக்கின்றன. இவை எதற்கும் அவை மாற்று ஆகாது.

பீடிக்கு வருவோம். புகைக்கிறவர் கதை ஒன்று, சுற்றுகிறவர் கதை இன்னொன்று. புகையில் உள்ள பென்ஸோபைரீனை நம் கல்லீரலும் நுரையீரலும் வெளியேற்றப் பார்த்து, நடுவில் வீரியமான ஒரு பொருளாக மாற்றுகின்றன. அது குவானைனில் பெரிய முடிச்சாக ஒட்டிக்கொள்ளும். அதை நீக்குவதும் மேலே சொன்ன அதே துண்டு வெட்டும் பாதைதான். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிற பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் தூளில் புகையிலைக்கே உரிய நைட்ரோஸமைன்கள் இருக்கின்றன. அவை உடம்புக்குள் மாறி, குவானைனின் 6-ஆம் இடத்து ஆக்சிஜனில் மீத்தைல் தொகுதியை ஏற்றும். அப்படி ஏறிய குவானைன், நகலெடுப்பில் தைமினோடு ஜோடி சேரும்.

அதைச் சரிசெய்கிற எம்ஜிஎம்டி மாதிரி விசித்திரமான புரதம் வேறில்லை. மீத்தைலைப் பிடுங்கித் தன்னுடைய 145-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனில் ஏற்றிக்கொள்ளும். ஏற்றியது ஏற்றியதுதான், இறக்கிவைக்க வழியில்லை. உடனே அந்தப் புரதமே அழிக்கப்பட்டுவிடும். ஒரு சேதத்துக்கு ஒரு புரதம் செலவு. கையிருப்பு தீர்ந்தால் புதிதாகத் தயாரிக்கும்வரை மிச்சச் சேதம் அப்படியே கிடக்கும். ஆகவே இந்தச் சேதத்தில் மொத்த அளவைப் போலவே, ஒரே நேரத்தில் எவ்வளவு வருகிறது என்பதும் முக்கியம். புகையிலையோடு வேலை செய்கிறவர்களிடம் குரோமோசோம் கோளாறுகள் கூடுதலாக இருப்பதை இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடைமுறையில் செய்யக்கூடியது: தூளை அடுப்படியிலும் பிள்ளை தூங்குகிற அறையிலும் வைக்காமல் இருப்பது, சுற்றுகிற இடத்தில் காற்றோட்டம், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, மூக்கை மூடி ஒரு துணி. கூலி நாளில் இதெல்லாம் சள்ளை என்று தோன்றும் என்பது தெரிந்ததுதான்.

எம்ஜிஎம்டிக்கு மருத்துவத்தில் மறுபக்கம் உண்டு. மூளைக்கட்டிக்குக் கொடுக்கிற டெமோஸோலோமைடு வேண்டுமென்றே இதே மீத்தைல் சேதத்தை உண்டாக்குகிற மருந்து. கட்டியில் எம்ஜிஎம்டி மரபணு மூடிக் கிடந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். பயாப்ஸி அறிக்கையில் 'எம்ஜிஎம்டி புரோமோட்டர் மெத்திலேட்டட்' (அந்த மரபணு மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம்) என்று இருந்தால் நோயாளிக்கு அது நல்ல செய்தி.

நகலெடுப்பின்போதே விழுகிற எழுத்துப் பிழைகளைப் பார்ப்பது எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களின் கூட்டணி. பாலிமரேஸ் தானாகத் திருத்திய பிறகும் சுமார் ஒரு கோடி எழுத்துக்கு 1 பிழை மிஞ்சும். இவர்கள் அதை 100 கோடிக்கு 1 அல்லது அதற்கும் கீழே கொண்டுவருகிறார்கள். இவற்றில் ஒன்று பரம்பரையாகக் கெட்டால் லிஞ்ச் சின்ட்ரோம். குடல், கருப்பைப் புற்றுநோய்கள் இளம் வயதிலேயே வரும். குடல் கட்டி அறிக்கையில் இந்த நான்கு புரதங்களின் பெயரும் இருக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் சேர்ந்து காணவில்லை என்று எழுதியிருந்தால் இரண்டு மரபணுவும் கெட்டுவிட்டன என்று பதற வேண்டாம். எம்எல்எச்1 போனால் துணையில்லாத பிஎம்எஸ்2 தானாகச் சிதைந்துவிடும். எம்எல்எச்1 போனதுமே பரம்பரை என்றும் முடிவுகட்டக் கூடாது. கட்டிக்குள் மட்டும் அந்த மரபணு மூடிக்கொள்வது சகஜம். புரோமோட்டர் மெத்திலேஷன் (மரபணு மூடியிருக்கிறதா) அல்லது பிராஃப் என்ற மரபணுவின் சோதனை பார்த்த பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட வேண்டும்.

இனி கூடங்குளம். கதிர்வீச்சு செய்கிற பல சேதங்களில் கவலைப்பட வேண்டியது இரட்டை இழை முறிவு. எதிர் இழையும் போய்விட்டதால் பார்த்து எழுத எதுவும் இல்லை. 1 கிரே (உடம்பு உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு) காமா கதிர் பட்டால் செல்லுக்குச் சுமார் 1,000 ஒற்றை இழை முறிவுகளும் 35 முதல் 40 இரட்டை இழை முறிவுகளும் விழும். பொதுமக்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடம்புக்கு ஏற்படும் தீங்கைக் கணக்கில் எடுக்கும் அலகு). காமாவுக்கு அது 1 மில்லிகிரே. வரம்பு முழுவதையும் வாங்கினாலும் ஆண்டுக்கு 25 செல்லில் ஒன்றுக்கு ஒரு முறிவு. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் சுமார் 10 மில்லிசீவர்ட். இன்னொரு பக்கம், பிரிந்துகொண்டிருக்கிற செல்லில் தானாகவே நாளொன்றுக்கு 10 முதல் 50 இரட்டை முறிவுகள் வரை விழுவதாக மதிப்பிடுகிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால் அது அரைகுறைப் பதில். கதிர்வீச்சின் முறிவு அழுக்கான முறிவு. சுருளின் ஒன்றிரண்டு சுற்றுக்குள்ளேயே முறிவும், கெட்ட காரமும், வெற்றிடமும் கொத்தாக விழும். முனைகள் ஒட்டத் தயாராக இருக்காது. 2003-ல் வந்த ஒரு ஆய்வில், பிரியாத செல்களுக்குச் சுமார் 1 மில்லிகிரே மட்டும் கொடுத்தபோது விழுந்த சில முறிவுகள் நாள்கணக்கில் சரிசெய்யப்படாமலே கிடந்தன. அந்தச் செல்கள் பிரியத் தூண்டப்பட்டபோது கழிக்கப்பட்டன. மனிதர்களிடம் பார்த்தால், இயற்கையாகவே கதிர்வீசும் மோனஸைட் மணல் நிறைந்த கேரளக் கடற்கரையில் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு அளவோடு சேர்ந்து புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. அன்றாட, மெதுவான அளவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். உலை விபத்து, எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்பதெல்லாம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் கேட்ட வேறு கேள்விகள். புரதத்தைக் காட்டி அவற்றுக்குப் பதில் சொல்லக் கூடாது.

(செல்போன் டவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில் இருப்பது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வேதிப்பிணைப்பை முறிக்க மூன்று நான்கு எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்.)

முறிந்த முனையை முதலில் பிடிப்பது பெரும்பாலும் கூ70-கூ80 என்ற புரத வளையம். செல்லில் லட்சக்கணக்கில் இருக்கிறது. டிஎன்ஏ-பிகே வந்து சேரும். ஆர்ட்டெமிஸ் முனையைச் சீவும். எக்ஸ்ஆர்சிசி4, லைகேஸ் 4 ஒட்டும். வேகமான வழி, எழுத்து சில விடுபடலாம். டிஎன்ஏ ஏற்கெனவே நகலெடுக்கப்பட்ட செல்லில் மட்டும் பிழையற்ற வழி திறக்கும். எம்ஆர்என் கூட்டு முனையைச் சுரண்டி ஒற்றை இழையாக்கும். பிஆர்சிஏ1, பிஏஎல்பி2, பிஆர்சிஏ2 வரிசையாக வந்து ராட்51-ஐ அந்த இழைமேல் ஏற்றும். ராட்51 இழை சகோதர நகலில் அதே இடத்தைத் தேடிப் பிடித்து, பார்த்து எழுதும்.

பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவின் கெட்ட பிரதி ஒன்று இருந்தாலே பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டிப் போகும். குடும்ப விவரம் கேட்கும்போது அம்மை, சித்தி, ஆச்சி என்று தாய்வழியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்பா வழியிலும் சரிபாதி வாய்ப்பில் வரும். அத்தைமாரையும் அப்பாவைப் பெற்ற ஆச்சியையும் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டிகளின் பலவீனத்தையே மருந்தாக்கியவை பார்ப் தடுப்பிகள். பார்ப்1 ஒற்றை இழை முறிவில் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிடும் புரதம். மருந்து அதை அங்கேயே சிக்கவைக்கும். நகலெடுக்கும் இயந்திரம் வந்து அதில் மோதி இரட்டை முறிவாகும். பிஆர்சிஏ வழி உள்ள சாதாரணச் செல் தப்பிக்கும். இல்லாத கட்டிச் செல் சாகும். 2005-ல் சோதனைக்கூடத்தில் காட்டியது, 2014-ல் ஓலாபரிப் என்று மருந்தாக வந்தது. கட்டி மறுபடி சடுதி மாற்றம் அடைந்து பிஆர்சிஏவைத் திரும்பப் பெற்றுவிட்டால் மருந்து கைவிடும்.

சொந்தத்தில் கலியாணம் நடந்த வீடுகளில் இரண்டு பழுதுநீக்கக் குறைபாட்டு நோய்களை முன்கூட்டியே நினைவில் வைக்க வேண்டும். ஃபான்கோனி அனீமியா உள்ள பிள்ளைக்கு ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே வரும். மைட்டோமைசின்-சி கொடுத்துக் குரோமோசோம் முறிவு பார்க்கும் சோதனையில் தெரியும். அதைப் பார்க்காமல் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு வழக்கமான அளவு மருந்து கொடுத்தால் பிள்ளை தாங்காது. அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேஸியாவில் முறிவை அறிவிக்கும் ஏடிஎம் புரதமே இல்லை. சாதாரண அளவு ரேடியோதெரபிகூட ஆபத்து.

கடைசியாக, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் முதுகலை புராஜெக்டுக்கு டிஎன்ஏ சேதத்தை அளக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு. காமெட் சோதனையில், மின்சாரம் பாய்ச்சினால் முறிந்த டிஎன்ஏ செல்லிலிருந்து வால் நட்சத்திரம் மாதிரி வாலாக நீளும்; முறிவு கூடினால் வாலும் கூடும். சல்லிசானது, ரத்தம் 10 மைக்ரோலிட்டர் போதும். 1 சதவீத அகரோஸில் முக்கிக் காயவைத்த ஸ்லைடு. 37 டிகிரியில் வைத்த 0.7 சதவீத லோ மெல்ட்டிங் அகரோஸ் 80 மைக்ரோலிட்டரில் ரத்தத்தைக் கலந்து ஊற்றி, கவர்ஸ்லிப் போட்டு, 4 டிகிரியில் 10 நிமிடம். லைசிஸ் (செல்லைக் கரைத்து டிஎன்ஏவை மட்டும் மிச்சம் வைப்பது): 2.5 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் இடிடிஏ, 10 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 10, 1 சதவீத டிரைட்டன். முழு ரத்தம் என்றால் 10 சதவீத டிஎம்எஸ்ஓ கட்டாயம், இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் இரும்பே டிஎன்ஏவை வெட்டும். குறைந்தது 1 மணி நேரம், 4 டிகிரியில். பிறகு 300 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 மில்லிமோலார் இடிடிஏவில் 20 நிமிடம். அதிலேயே 25 வோல்ட், 300 மில்லிஆம்பியரில் 20 நிமிடம். மின்னோட்டம் கூடினால் கரைசலைக் கொஞ்சம் எடுங்கள், குறைந்தால் சேருங்கள். 0.4 மோலார் டிரிஸ், பிஎச் 7.5-ல் மூன்று முறை கழுவி, சாயமிட்டு, ஒரு மாதிரிக்கு 150 செல் எண்ணுங்கள்.

நம் ஊர் மே மாத வெக்கையில் முதலில் கெடுவது சோடியம் ஹைட்ராக்சைடு காரக்கரைசலின் குளிர்ச்சி. தொட்டியை ஐஸில் வைக்காவிட்டால் காலையில் ஓட்டிய ஸ்லைடும் மதியம் ஓட்டியதும் ஒத்துப்போகாது. நடுவில் கரண்ட் போனால் அந்த வரிசையைக் கொட்டிவிடுங்கள். மின்சாரம் நின்றாலும் காரத்தில் இழை பிரிவது நிற்காது. ஜன்னல் வெளிச்சம் வேண்டாம்.

பழுதுநீக்கத்தை அளக்க, 100 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஐஸ்மேல் 5 நிமிடம், கழுவி, 37 டிகிரியில் விட்டு 0, 15, 30, 60-ஆம் நிமிடங்களில் எடுங்கள்; வால் சுருங்குவது தெரியும். ரத்தத்திலிருந்து அப்போதுதான் பிரித்த லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) மெதுவானவை, பொறுமை வேண்டும். யூவி கொடுத்தால் கதை தலைகீழ். கொடுத்த உடனே பார்த்தால் வாலே இருக்காது, ஏனென்றால் பிணைப்பு என்பது முறிவு அல்ல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வால் முளைக்கும். அது எக்ஸ்பிஎஃப்பும் எக்ஸ்பிஜியும் வெட்டிய வெட்டு. ஹைட்ராக்ஸியூரியாவும் சைட்டோசின் அரபினோசைடும் சேர்த்து நிரப்பும் வேலையைத் தடுத்தால் வால் இன்னும் நீளும். எக்ஸ்பிஏ கெட்ட செல்லில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த வால் முளைக்காது. ஆகவே யூவி கொடுத்த ஸ்லைடில் வால் தெரிந்ததும் 'சேதம் கூடிவிட்டது' என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். பூஜ்ய நிமிட ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.